பல்கலைக்கழக அறக்கட்டளை நிதி: நன்கொடை ஒப்பந்தத்தை எழுதுவதும் ஆவணப்படுத்துவதும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு கணிதப் பேராசிரியர் பதவிக்காக ஹென்றி லூகாஸ் என்பவர் 1663இல் தமது உயிலில் வழிசெய்தார். அந்தப் பதவியில் 1669இல் ஐசக் நியூட்டன் அமர்ந்தார். 1979 முதல் 2009 வரை ஸ்டீஃபன் ஹாக்கிங் இருந்தார். இன்றும் அது நிரப்பப்பட்டு வருகிறது. கொடுத்தவர் மறைந்து மூன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவர் விருப்பத்தைச் சுமந்து நிற்பது எழுதிவைத்த சில பத்திகள்தாம். பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவிலோ நிதிப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்து, முதன்முறையாக ஓர் அறக்கட்டளை நிதி ஒப்பந்தத்தை எழுதும் பொறுப்பை ஏற்பவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தின் உண்மையான வாசகர் இன்று எதிரே அமர்ந்திருக்கும் கொடையாளர் அல்லர். அவருக்குத் தாம் விரும்பியது என்னவென்று தெரியும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கோப்பைத் திறந்து, "இந்த மாணவிக்கு இந்த நிதியிலிருந்து உதவித்தொகை கொடுக்கலாமா, கூடாதா?" என்று முடிவெடுக்க வேண்டிய கணக்கரும் துறைத் தலைவருமே இதன் வாசகர்கள். அவர்களுக்குக் கொடையாளரையும் தெரியாது, உங்களையும் தெரியாது. எவரையும் கேட்காமல் அவர்கள் சரியான முடிவுக்கு வர முடிந்தால் ஒப்பந்தம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர் பார்வையிடாமல் எந்த வரைவும் கையெழுத்துக்குப் போகக் கூடாது.

முதலில், எந்த வகை நிதி?

பல்கலைக்கழகத்துக்கு வரும் எல்லாக் கொடையும் அறக்கட்டளை நிதி ஆகிவிடாது. வந்த பணத்தை ஓரிரு ஆண்டுகளில் முழுவதும் செலவிட்டுவிடலாம் என்றால் அது நடப்புச் செலவுக்கான நன்கொடை. அதற்கு ஒரு கடிதமும் ரசீதும் போதும். அசலை நிரந்தரமாக வைத்து முதலீடு செய்து, அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதியை மட்டும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு எடுத்துச் செலவிட வேண்டும் என்று கொடையாளர் விதித்தால் மட்டுமே அது நிரந்தர அறக்கட்டளை நிதி. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அசலைக் காத்து, பிறகு செலவிட அனுமதிக்கும் காலவரை நிதிகளும் உண்டு. பல்கலைக்கழக ஆட்சிக்குழு தன் உபரிப் பணத்தைத் தானே அறக்கட்டளை நிதியைப் போல ஒதுக்கிவைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நிதியில் கொடையாளர் விதித்த கட்டு எதுவும் இல்லாததால் ஆட்சிக்குழு விரும்பும்போது அதை மாற்றிவிடலாம்.

இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். "இந்த நன்கொடையின் மூலதனம் நிரந்தரமாகப் பேணப்படும், ஆண்டுதோறும் வழங்கப்படும் தொகை மட்டுமே கீழ்க்கண்ட நோக்கத்துக்குச் செலவிடப்படும்" என்ற ஒரு வாக்கியம் இல்லாமல் போனதால், பணம் நிரந்தர நிதியா நடப்பு நிதியா என்று பிற்காலத்தில் ஊகிக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. இன்று ஒரு வாக்கியத்தால் முடியும் வேலை அன்றைக்கு வழக்கறிஞர்களின் வேலையாகிவிடும்.

கொடையாளரோடு நடக்கும் பேச்சு

வரைவைத் திறப்பதற்கு முன், கொடையாளர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். "என் தாயார் பெயரில் ஓர் உதவித்தொகை" என்று அவர் சொல்வது தொடக்கம் மட்டுமே. தாயாருக்குப் படிக்க வாய்ப்பில்லாமல் போனதா, அவர் ஓர் ஆசிரியரா, பெண்கள் படிக்க வேண்டும் என்பதா, வறுமையில் உள்ளவர் எவராயினும் படிக்க வேண்டும் என்பதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே நோக்கப் பிரிவின் உயிர். பேசியதை அன்றைக்கே தேதியிட்டுக் குறிப்பாக எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும்.

பேச்சில் வாக்குறுதி எதையும் உதிர்த்துவிடக் கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் உள்ள, நிறுவன நிதிகளின் விவேகமான மேலாண்மை குறித்த 2006ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டம், கொடை ஆவணம் என்பதற்குள் கொடையாளரின் எழுத்தோடு நிறுவனம் நன்கொடை கேட்டு அனுப்பிய எழுத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நிதி திரட்டுவதற்காக அச்சிட்ட மடலில் "ஒவ்வோர் ஆண்டும் பத்து மாணவர்கள்" என்று எழுதியிருந்தால், அந்தச் சொல்லும் நாளை உங்களைக் கட்டும். எந்த நாட்டில் பணியாற்றினாலும், மின்னஞ்சலில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகக் கருதப்படலாம் என்ற எண்ணத்தோடு எழுதுவது நல்லது.

அடுத்து, கணக்கைக் கொடையாளரின் முன்னிலையில் போட்டுக் காட்ட வேண்டும். அறக்கட்டளை நிதியைப் பற்றி மிகுதியாக நிலவும் தவறான எண்ணம் அதன் வருவாயைப் பற்றியதுதான். ஆண்டுக்கு 4 விழுக்காடு செலவிடும் கொள்கை உள்ள பல்கலைக்கழகத்தில் 10,00,000 தொகையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 மட்டுமே கிடைக்கும். ஒரு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 1,20,000 என்றால், முழுக் கட்டணத்தையும் ஏற்க 30,00,000 தேவைப்படும். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு கொடையாளர் தொகையை உயர்த்தலாம், நோக்கத்தைச் சுருக்கலாம், அல்லது நடப்புச் செலவுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்யலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அது தெளிந்து எடுத்த முடிவாக இருக்கும். பேராசிரியர் இருக்கை, உதவித்தொகை, சொற்பொழிவு, பரிசு என ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்சத் தொகையைப் பல்கலைக்கழகங்கள் வகுத்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் வேண்டியிருந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

அந்த இருக்கையைப் போலப் பலரும் சேர்ந்து கொடுக்கும் நிதியில் கூடுதலாக ஒரு கேள்வி எழுகிறது. உலகெங்கும் பரந்திருக்கும் பல்லோரின் பணம் ஒரே நிதியாகும்போது, கொடையாளர் சார்பில் பேசும் உரிமை யாருக்கு? பணத்தைத் திரட்டிய அமைப்பு பத்தாண்டில் கலைந்துவிட்டால் ஆண்டறிக்கை யாருக்குப் போகும், மாற்றம் தேவைப்பட்டால் யாரைக் கலந்து பேசுவது? இதற்கான விடையை அப்போதே எழுதிவைக்காவிட்டால், ஒவ்வொரு சிறு கொடையாளரும் தனித்தனியே உரிமை கோரும் குழப்பம் பின்னால் வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

லண்டன் பொருளாதாரக் கல்லூரி, லிபிய அதிபர் கடாஃபியின் மகன் தலைமையில் இருந்த ஓர் அறக்கட்டளையிடமிருந்து 2009இல் 15 லட்சம் பவுண்டு நன்கொடைக்கான உறுதிமொழியை ஏற்றது. 2011இல் லிபியாவில் கிளர்ச்சி வெடித்தபோது அந்தக் கொடை பெரும் விமர்சனத்துக்கு உள்ளாகி, கல்லூரியின் இயக்குநர் பதவி விலகினார். கைக்கு வந்த தொகையோ 3 லட்சம் பவுண்டுதான். கொடையாளர் யார், பணம் எவ்வழியில் ஈட்டப்பட்டது, வழக்கோ விசாரணையோ நிலுவையில் உள்ளதா என்பவற்றை விசாரித்து எழுத்தில் பதிவதும், வெளிநாட்டுப் பணம் என்றால் அதைப் பெறுவதற்குரிய அனுமதி பல்கலைக்கழகத்துக்கு உண்டா என்று பார்ப்பதும் வரைவுக்கு முந்தைய வேலைகள். வரைவு தயாரான பிறகு விசாரிக்கத் தொடங்கினால், மறுப்பது எவருக்கும் எளிதாக இருப்பதில்லை.

நோக்கத்தை எழுதுதல்

ஒப்பந்தம் முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. மற்றப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் நிலையான வாசகங்கள் இருக்கும். நோக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

சார்லஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி மேரியும் 1961இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 350 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்கள். பட்ட மேற்படிப்பு மாணவர்களை அரசுப் பணிக்கு, அதிலும் குறிப்பாகப் பன்னாட்டு உறவுகள் சார்ந்த மத்திய அரசுப் பணிக்கு, ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம். பட்டம் பெற்றவர்களில் போதுமானவர்கள் அரசுப் பணிக்குச் செல்லவில்லை என்றும், பணம் வேறு செலவுகளுக்குப் போகிறது என்றும் சொல்லி 2002இல் அவர்கள் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் சமரசம் ஏற்பட்டபோது, குடும்பத்தினர் அமைக்கும் புதிய அமைப்புக்கு 500 லட்சம் டாலரும் வழக்குச் செலவுக்கு 400 லட்சம் டாலரும் அந்த நிதியிலிருந்து கொடுக்க நேர்ந்தது. மாணவர்களை "ஆயத்தப்படுத்துதல்" நடந்ததா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது, அத்தனை மாணவர்களும் அரசுப் பணிக்குப் போகாவிட்டால் என்ன செய்வது, நிதி தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டால் மிகுதியை எங்கே செலவிடுவது என்ற கேள்விகளுக்கு இரு தரப்பும் ஒப்பும் விடை இல்லாததே பூசலின் வேர் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே நோக்கத்தை எழுதும்போது மூன்று அடுக்குகளைத் தனித்தனியே பிரித்து எழுதுவது நல்லது. முதலாவது, மாறக் கூடாத மையம். இரண்டாவது, கொடையாளரின் விருப்பங்கள். இவை நிறைவேறினால் மகிழ்ச்சி, நிறைவேறாவிட்டாலும் நிதி முடங்கக் கூடாது. மூன்றாவது, மையமே இயலாமற்போனால் என்ன செய்வது என்பது. இவற்றைக் கலந்து எழுதிய ஒரு வாசகத்தைப் பாருங்கள்:

"இயற்பியல் துறையில் குவாண்டம் ஒளியியலில் ஆய்வு செய்யும், கிராமப்புறத்திலிருந்து வரும், முதல் தலைமுறைப் பட்டதாரியான, 90 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெற்ற மாணவிக்கு ஆண்டுக்கு 50,000 வழங்கப்படும்."

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஐந்து நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும் மாணவி ஓராண்டில் கிடைக்கலாம், அடுத்த நான்கு ஆண்டுகளில் கிடைக்காமல் போகலாம். துறையின் பெயர் மாறலாம். மதிப்பெண் முறை மாறலாம். 50,000 என்ற நிலைத்த தொகை இருபது ஆண்டுகளில் பொருளற்றுப் போகலாம், அல்லது நிதியால் அவ்வளவு தர இயலாமலும் போகலாம். இதே கொடையாளரின் மனத்தைப் பின்வருமாறு எழுதலாம்:

"இயற்பியலில் பட்ட மேற்படிப்போ முனைவர் பட்ட ஆய்வோ மேற்கொள்ளும், நிதியுதவி தேவைப்படும், கல்வியில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கு இந்த நிதியின் ஆண்டு வழங்குதொகையிலிருந்து உதவித்தொகை அளிக்கப்படும். ஒளியியல் சார்ந்த ஆய்வு செய்பவர்களுக்கும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது கொடையாளரின் விருப்பம். ஓராண்டில் முன்னுரிமைக்கு உரியவர் இல்லையெனில், தகுதியுள்ள பிற இயற்பியல் மாணவர்களுக்கு வழங்கப்படும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதைத் தேர்வுக் குழு முடிவு செய்யும்."

இரண்டாம் வாசகம் முதலாவதைவிட நீளமானது. ஆனால் எந்த ஆண்டிலும் பணம் முடங்காது. நோக்கம் எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்று கேட்டால், கொடையாளரின் மனம் ஏற்கும் எல்லை வரை விரிக்க வேண்டும், அதற்கு மேல் ஓர் அடியும் போகக் கூடாது என்பேன். நிறுவனத்தின் வசதிக்காகக் கொடையாளரை வற்புறுத்தி, "பல்கலைக்கழகத்தின் தேவைகளுக்கு" என்று எழுதி வாங்குவது அவருடைய நம்பிக்கைக்குச் செய்யும் தீங்கு.

பிறப்பையோ சமயத்தையோ பாலினத்தையோ வைத்துத் தகுதியை வரையறுக்கும் நிபந்தனைகளில் தனி எச்சரிக்கை வேண்டும். கனடாவில் 1923இல் ரூபன் லெனார்ட் என்பவர் அமைத்த உதவித்தொகை, வெள்ளை இனத்தைச் சேர்ந்த புராட்டஸ்டண்டு சமயத்தாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பொதுக் கொள்கைக்கு மாறானவை என்று அந்தக் கட்டுப்பாடுகளை ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் நீக்கியது. 1902இல் இறந்த செசில் ரோட்ஸின் உயில்படி ஆண்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டு வந்த, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகை பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1977இல்தான். அதற்கும் பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. பின்தங்கியோரைக் கைதூக்கிவிடும் நோக்கில் சில நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் நிபந்தனையை வேறு நாடுகளின் சட்டம் தடுக்கக்கூடும் என்பதால், இப்படியொரு சொல் நோக்கத்தில் நுழையும்போதே வரைவைச் சட்ட ஆலோசகரிடம் கொடுத்துவிடுங்கள்.

யார் தேர்ந்தெடுப்பது?

லீ பாஸ் என்பவர் மேற்கத்திய நாகரிகம் பற்றிய பாடத்திட்டம் ஒன்றுக்காக 1991இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு 200 லட்சம் டாலர் கொடுத்தார். திட்டம் ஆண்டுக்கணக்கில் தொடங்கப்படாமல் கிடந்தது. பிறகு, அதில் நியமிக்கப்படும் பேராசிரியர்களுக்குத் தமது ஒப்புதல் வேண்டும் என்று அவர் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்து 1995இல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதில் இரண்டு தரப்புக்கும் பாடம் உண்டு: நிறுவனம் ஒப்புக்கொண்டதைக் காலத்தில் செய்ய வேண்டும், கொடையாளர் நியமனத்தில் கைவைக்கக் கூடாது.

மாணவர் தேர்வு, பேராசிரியர் நியமனம், பாடத்திட்டம், ஆய்வு முடிவுகளின் வெளியீடு ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடையாளருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ தேர்வில் அதிகாரம் இருந்தால் கல்விச் சுதந்திரம் பாதிக்கப்படுவதோடு, பல நாடுகளில் வரிச் சலுகையும் கேள்விக்குள்ளாகும். பரிசளிப்பு விழாவுக்கு அழைப்பது, உதவி பெறும் மாணவர்களைச் சந்திக்க வைப்பது போன்றவற்றைத் தாராளமாக எழுதலாம். பெரும்பாலான கொடையாளர்கள் உண்மையில் நாடுவது இந்த உறவைத்தான், அதிகாரத்தை அன்று.

முதலீடும் செலவும்

இங்கே பொதுவான வாசகமே போதும், ஆனால் அதன் பொருளைக் கொடையாளருக்கு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எல்லா அறக்கட்டளை நிதிகளையும் ஒரே தொகுப்பாக முதலீடு செய்து, பரஸ்பர நிதியைப் போல ஒவ்வொன்றுக்கும் அலகுகளை ஒதுக்குகின்றன. தொகுப்பின் ஓர் அலகு 125 விலையில் இருக்கும் நாளில் 10,00,000 வந்தால் அந்த நிதிக்கு 8,000 அலகுகள் கிடைக்கும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அலகுகளின் எண்ணிக்கை மாறாது. விலை மட்டுமே மாறும்.

செலவுத் தொகையை அந்தந்த ஆண்டின் விலையை வைத்துக் கணக்கிட்டால், சந்தை சரியும் ஆண்டில் உதவித்தொகையும் சரிந்துவிடும். அதனால்தான் கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் ஒரு விழுக்காடு என்று கொள்கை வகுக்கிறார்கள். மூன்று ஆண்டு இறுதி விலைகள் 125, 132, 121 எனில் சராசரி 126. அதில் 4 விழுக்காடு 5.04, 8,000 அலகுகளுக்கு 40,320. விலை குறைந்த ஆண்டிலும் மாணவருக்குச் சேரும் தொகை அதிகம் அசையாது. ஈட்டிய வருவாயில் எஞ்சியது பணவீக்கத்தை ஈடுகட்ட நிதியிலேயே தங்குகிறது. இன்றைய மாணவருக்கும் ஐம்பது ஆண்டுக்குப் பின் வரப்போகும் மாணவருக்கும் ஒரே அளவு வாங்கும் திறனுள்ள உதவி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஒப்பந்தத்தில் 4 விழுக்காடு என்று எண்ணை எழுதிவிடாதீர்கள். "பல்கலைக்கழக ஆட்சிக்குழு அவ்வப்போது வகுக்கும் முதலீட்டுக் கொள்கையும் செலவுக் கொள்கையும் இந்த நிதிக்குப் பொருந்தும்" என்று எழுதினால் போதும். "வட்டியும் ஈவுத்தொகையும் மட்டுமே செலவிடப்படும்" என்று எழுதுவதையும் தவிருங்கள். அப்படி எழுதினால், மூலதன வளர்ச்சியை நம்பி முதலீடு செய்யும் தொகுப்பில் அந்த நிதி பொருந்தாமல் திண்டாடும்.

நிதியின் சந்தை மதிப்பு, கொடுத்த தொகைக்கும் கீழே போகும் காலம் வரும். 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் பல பல்கலைக்கழகங்களின் புதிய நிதிகளுக்கு இதுதான் நேர்ந்தது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அலகு 110க்கு இறங்கினால் 10,00,000 என்பது 8,80,000 ஆகிவிடும். அப்போது வழங்குதலை நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா? அமெரிக்காவின் பழைய 1972ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் அசலின் தொடக்க மதிப்புக்குக் கீழே செலவிட அனுமதிக்கவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டு, நிதியின் காலம், நோக்கம், பொருளாதார நிலை, பணவீக்கம் போன்றவற்றைக் கருதி விவேகத்தோடு முடிவு செய்யச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதைச் சொல்கிறதோ அதற்கேற்ப ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். மேலாண்மைக் கட்டணம் பிடிக்கப்படுமானால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஓராண்டு செலவாகாமல் எஞ்சிய வழங்குதொகை அடுத்த ஆண்டுக்குப் போகுமா, அசலோடு சேருமா என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும்.

தவணையாக வரும் பணம்

கொடையாளர் முழுத்தொகையையும் ஒரே நாளில் தராமல் சில ஆண்டுகளில் தவணையாகத் தருவது வழக்கம். தவணைத் தேதிகளையும் தொகைகளையும் அட்டவணையாக ஒப்பந்தத்தோடு இணையுங்கள். குறைந்தபட்சத் தொகை நிறையும் வரை வழங்குதல் தொடங்காது என்பதையும், நிறையாமலே போனால் வந்த பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். வழக்கமாக, அதே துறையின் பொதுவான நிதி ஒன்றோடு அது சேர்க்கப்படும். கொடையாளர் இடையில் இறந்துவிட்டால் எஞ்சிய தொகை அவருடைய சொத்திலிருந்து தரப்பட வேண்டியதா என்று கேட்பதற்குத் தயக்கமாக இருக்கும். ஆயினும் கேட்டாக வேண்டும். பங்குகளோ நிலமோ கொடையாக வந்தால், மதிப்பு எந்தத் தேதியில் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதும், அதை விற்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பதும் பதிவாக வேண்டும்.

மாற்றத்துக்கு வழி

துறைகள் மூடப்படும், இணைக்கப்படும்; ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் அந்நோய்க்கான ஆய்வு நிதிக்கு வேலை இல்லாமல் போகும். நோக்கம் இயலாததாகும்போது கொடையாளரின் மனத்துக்கு மிக நெருங்கிய மற்றொரு நோக்கத்துக்கு நிதியைத் திருப்ப நீதிமன்றத்தால் முடியும் என்பது பல நாடுகளின் அறக்கட்டளைச் சட்டத்தில் உள்ள கொள்கை. ஆனால் அதற்கு ஆகும் செலவைச் சிறிய நிதிகள் தாங்கா. அதனால்தான் அமெரிக்க மாதிரிச் சட்டம், 20 ஆண்டுக்கு மேற்பட்ட, 25,000 டாலருக்குக் குறைந்த நிதிகளின் கட்டுப்பாட்டை, அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு அறிவித்து 60 நாள் காத்திருந்த பின் நிறுவனமே மாற்றலாம் என்று எளிமையாக்கியது.

உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். அது இவ்வாறு அமையலாம்: "இந்த நோக்கத்தை நிறைவேற்றுவது இயலாததாகவோ நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ ஆனால், கொடையாளர் உயிரோடு இருப்பின் அவரைக் கலந்தும், இல்லையெனில் அவர் குறிப்பிட்ட பிரதிநிதியைக் கலந்தும், ஆட்சிக்குழு கொடையாளரின் முதல் எண்ணத்துக்கு மிக நெருங்கிய நோக்கத்துக்கு இந்த நிதியைப் பயன்படுத்தலாம்." கலந்து பேச வேண்டும் என்பதும் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் வெவ்வேறு. எது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. கொடையாளரின் முதல் எண்ணம் என்னவென்று தெரிய, நோக்கத்துக்கு மேலே பின்னணி என்று நான்கைந்து வரிகள் இருப்பது பெரிதும் உதவும்; அவர் யார், ஏன் கொடுக்கிறார் என்று அவருடைய சொற்களிலேயே எழுதிவிடுங்கள். முதல் பேச்சில் எடுத்த குறிப்பு இங்கேதான் பயன்படும்.

பெயர் சூட்டுவது பற்றிய பிரிவைச் சுருக்கமாக எழுதலாம். நிதியின் முழுப்பெயரை எழுத்துப் பிழையின்றிக் குறித்து, பெயருக்குரியவரின் நடத்தை பிற்காலத்தில் நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுக்குமானால் பெயரை மட்டும் நீக்கும் உரிமை ஆட்சிக்குழுவுக்கு உண்டு என்று சேர்க்க வேண்டும். பெயர் நீங்கினாலும் நிதியும் நோக்கமும் தொடரும்.

சரிபார்த்தலும் கையெழுத்தும்

வரைவைக் கொடையாளருக்கு அனுப்புமுன் நான்கு பேர் படித்திருக்க வேண்டும்: நோக்கத்தை நிறைவேற்றப் போகும் துறைத் தலைவர், பணத்தைக் கணக்கு வைக்கும் நிதி அலுவலர், உதவித்தொகையானால் அதை வழங்கும் பிரிவின் அலுவலர், சட்ட ஆலோசகர். துறைத் தலைவரிடம், "இந்த நிபந்தனைகளோடு கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் தகுதி பெற்றிருப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இல்லை என்று அவர் சொன்னால் வரைவைத் திருப்பி எழுத வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளவர் மட்டுமே கையெழுத்திட வேண்டும்; அது பதிவாளரா, துணைவேந்தரா, ஆட்சிக்குழு அதிகாரமளித்த வேறொருவரா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதிகளிலும் இருக்கும். ஆர்வத்தில் துறைத் தலைவர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதங்கள் பிற்காலத்தில் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். கொடையாளர் தரப்பில் தம்பதியர் சேர்ந்து கொடுத்தால் இருவரும், நிறுவனம் கொடுத்தால் அதன் குழுத் தீர்மானத்தின் நகலோடு உரியவரும் கையெழுத்திட வேண்டும். முந்தைய கடிதங்களும் பேச்சுகளும் எவையாயினும் இந்த ஒப்பந்தமே முழுமையானது என்ற வாக்கியம் கையெழுத்துக்கு மேலே இருக்கட்டும்.

கோப்பு

கையெழுத்தானதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களால்தான் நல்ல ஒப்பந்தங்களும் வீணாகின்றன. மூல ஆவணம் நெருப்புக்கும் நீருக்கும் எட்டாத நிரந்தரக் காப்பில் இருக்க வேண்டும். அதன் மின்னணு நகல், சொல்லிட்டுத் தேடக்கூடிய வடிவில், நன்கொடைப் பிரிவும் நிதிப் பிரிவும் ஒருசேர அணுகக்கூடிய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரு பிரிவுகளும் தனித்தனி நகல் வைத்துக்கொண்டால், ஒன்றில் திருத்தம் ஏறி மற்றொன்றில் ஏறாமல் நிற்கும். சாதாரணக் கணக்குத் தாள்களை இத்தனை ஆண்டுக்குப் பின் அழிக்கலாம் என்ற விதி அறக்கட்டளை நிதியின் ஆவணங்களுக்குப் பொருந்தாது என்பதை ஆவணக் காப்பாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கோப்புக்குள் ஒப்பந்தத்தோடு முதல் பேச்சுக் குறிப்பு, முக்கியமான மின்னஞ்சல்கள், கொடையாளர் பற்றிய விசாரணைக் குறிப்பு, ஆட்சிக்குழுத் தீர்மானம், பணம் வந்ததற்கான ரசீதுகள், பங்கு அல்லது நிலத்தின் மதிப்பீடு, நிதிக் கணக்கைத் தொடங்கிய படிவம் ஆகியவை இருக்க வேண்டும். இறுதி வரைவுக்கு முந்தைய வரைவுகளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைச் சட்ட ஆலோசகர் சொல்லும் விதிப்படி எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

இவற்றின் மேலே ஒரு பக்கச் சுருக்கம் ஒன்றை நீங்களே எழுதி வைக்க வேண்டும். நிதியின் பெயர், கணக்கு எண், தொடங்கிய தேதி, மொத்த அசல், அலகுகளின் எண்ணிக்கை, மாறாத நோக்கம், விருப்பங்கள், தேர்வு செய்பவர், எஞ்சிய தொகைக்கான விதி, மாற்றத்துக்கு யாரைக் கலப்பது, அறிக்கை யாருக்கு எப்போது என்பவை அதில் ஒப்பந்தத்தின் சொற்களிலேயே இருக்க வேண்டும். உங்கள் சொற்களில் சுருக்கினால் பொருள் மாறிவிடும் ஆபத்து உண்டு. சுருக்கத்தின் அடியில், ஐயம் எழுந்தால் மூல ஒப்பந்தமே செல்லும் என்று குறிப்பிடுங்கள். கணினியில் நிதியின் பதிவைத் தொடங்கும்போது கட்டுப்பாடுகளைக் குறிக்கும் இடங்களை இந்தச் சுருக்கத்திலிருந்தே நிரப்பி, நிதி அலுவலரை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் வழங்குதொகை வெளியேறும் நாளில், செலவுச் சீட்டை ஒப்பந்தத்தோடு வைத்து நீங்களே சரிபார்ப்பது மிக நல்ல வழக்கம். பிழை இருந்தால் ஆண்டுக்கணக்கில் வேர்விடுமுன் அங்கேயே பிடிபடும்.

ஆண்டுக்கு ஒருமுறை கொடையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ நிதியின் மதிப்பு, வழங்கிய தொகை, பயனடைந்தவர் விவரம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். மாணவரின் பெயரையோ நன்றிக் கடிதத்தையோ சேர்ப்பதற்கு அவருடைய சம்மதம் முன்கூட்டியே பெறப்பட்டிருக்க வேண்டும். அதே நேரத்தில், ஈராண்டாக எதுவும் செலவாகாமல் கிடக்கும் நிதிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் முடங்கியது என்று துறையிடம் கேளுங்கள். நிபந்தனை இறுக்கமானது காரணம் என்றால், கொடையாளர் இருக்கும்போதே அவரிடம் போய்ப் பேசி ஒரு திருத்த ஒப்பந்தம் பெற்றுவிட வேண்டும். அந்தத் திருத்தத்தில் மூல ஒப்பந்தத்தின் தேதி, மாறும் பிரிவின் எண், பழைய வாசகம், புதிய வாசகம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே நிலை அதிகாரிகள் இதிலும் கையெழுத்திட வேண்டும். தொலைபேசியில் அவர் சரி என்று சொன்னதைக் குறித்துவைப்பது திருத்தம் ஆகாது. கையெழுத்தான திருத்தத்தைப் பழைய ஒப்பந்தத்துக்கு மேலே கோப்பில் சேர்த்து, ஒரு பக்கச் சுருக்கத்தையும் கணினிப் பதிவையும் அன்றைக்கே புதுப்பித்து, மூலத்தின் முதல் பக்கத்தில் "திருத்தம் உண்டு" என்று தேதியோடு குறித்துவிடுங்கள்.